காலி இடத்துக்கும் எட்டுத் தட்டு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தது இது நடந்து ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் மரகதவல்லி மேடம் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகிப் போய்விட்டார். அவரை இன்றுவரை நான் சந்தித்ததில்லை. அவர் எங்கள் தட்டச்சர் ஜெபமணி அக்காவிடம் சொன்னதை, ஜெபமணி அக்கா மதியச் சாப்பாட்டு நேரங்களில் நாலைந்து நாளாகப் பிய்த்துப் பிய்த்து என்னிடம் சொன்னார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எழுத்தில் எதையாவது தப்பாகப் போட்டுவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சந்தேகம் வந்த இடங்களை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். மேடம் நிலஅளவைப் பிரிவில் வரைவாளராக இருந்தவர். முப்பது வயதில் மதுரையில் ஒரு மருத்துவர் அவருக்கு ஆஸ்பெர்ஜர், அதாவது ஆட்டிசத்தில் ஒரு வகை, என்று எழுதிக் கொடுத்தார். இப்போது அந்தப் பெயரை அதிகம் சொல்வதில்லையாம், ஆனால் மேடம் அதைத்தான் சொல்வாராம். அலுவலகத்தில் அது ஜெபமணி அக்காவுக்கு மட்டும் தெரியும். சொல்லும்போது ஜெபமணி அக்கா மேடத்தின் குரலையே எடுத்துக்கொண்டு 'நான்' என்றுதான் சொன்னார். நானும் அப்படியே எழுதுகிறேன். இனி வரும் 'நான்' மரகதவல்லி மேடம்.

பிரேமலதா வரவில்லை. பத்து முப்பத்தைந்துக்குச் செய்தி வந்தது, குழந்தைக்குக் காய்ச்சல். பதினாறில் ஒன்று போனால் பதினைந்து. கண்காணிப்பாளர் சௌந்தரி மேடம் கோலாட்டக் கோல்களின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், நிமிராமலே சொன்னார், "ஒத்தையாப் போச்சே. நாகு, நீ ஜெபமணிக்கு எதிர்ல போய் நின்னுக்கோ. மரகதம், உங்களுக்குத்தான் கூட்டம்னா ஆகாதே, நீங்க வேணா உட்காந்துக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்கம்மா." நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேணா என்றால் விருப்பமிருந்தால் என்று அர்த்தம். எனக்கு விருப்பமில்லை, ஆகவே உட்கார வேண்டியதில்லை. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் அடுத்த கட்டுக்குப் போய்விட்டார். ஜெபமணி அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "உன்னைக் கேக்கல மரகதம், சொல்லிட்டாங்க" என்றார். கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே வாக்கியத்தையே வைத்துக்கொண்டால் எப்படி. இப்போது வராந்தா பெஞ்சில் இருக்கிறேன். உட்கார மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் இரண்டு கோல்கள், சிவப்புக் காகிதம் சுற்றியவை, வலதுகோலில் காகிதம் ஒரு இடத்தில் பிரிந்திருக்கிறது. பதினோரு மணிக்கு அலுவலகப் பொங்கல் விழா. முற்றத்தில் பொங்கல் பானை, புகை, நெய், மல்லிகை, மைக்செட்காரர் ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிச் சொல்லி நிறுத்துகிறார், ஏன் மூன்றோடு நிறுத்துகிறார், அதற்குப் பிறகு எண்கள் இல்லையா. பட்டுப்புடவையின் சரிகை இடுப்பில் ஒரு கோடாக அறுக்கிறது. எல்லோரும் ஐயோ பாவம், பச்சைக் குழந்தை என்றார்கள். நான் சொல்லவில்லை. நான் முதலில் பதினைந்து என்றுதான் நினைத்தேன். முதலில் குழந்தை, பிறகுதான் எண்ணிக்கை என்று இருக்க வேண்டும். அந்த வரிசை எனக்கு எப்போதும் மாறி வருகிறது. பத்து நாற்பது.

பன்னிரண்டு வருடமாக நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படம் வரைகிறேன். தாளில் ஒரு கோடு வந்தால் மனம் அடங்கும். கைப்பையில் மை கொட்டி வீணான ஒரு புலப்படம் இருந்தது, அதன் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டேன். உள்வட்டத்தில் மேடத்தையும் சேர்த்து எட்டுப் பேர், நாங்கள் நகர மாட்டோம். வெளிவட்டத்தில் எட்டுப் பேர். எதிரே நிற்பவரோடு எட்டுத் தட்டு, பிறகு வெளிவட்டம் வலப்பக்கமாக ஒரு இடம் நகரும், அடுத்த ஆள், எட்டுத் தட்டு. பாட்டில் எட்டுச் சரணம். எட்டுச் சரணத்தில் எட்டு முகம், கடைசியில் முதல் ஆளிடம் திரும்பி வந்து கோல்களை உயர்த்தி நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். பிரேமலதா வெளிவட்டம், நாகலட்சுமிக்கு எதிரே. என்னை எடுத்துவிட்டால் ஏழும் ஏழும். ஏழும் ஏழும் என்றால் எட்டாவது சரணத்திலேயே முதல் ஆள் வந்துவிடுவாள், அதற்குப் பிறகு ஒரு இடம் நகர்ந்தால் முடிவில் ஒருத்திகூட அவளுடைய இடத்தில் இருக்க மாட்டாள். மேடம் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. நான் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் யாரையும் எடுக்காமல் பிரேமலதாவின் இடத்தைக் காலியாகவே விட்டால்? வெளிவட்டம் நகரும்போது அந்தக் காலி இடமும் நகரும். எங்கள் எட்டுப் பேரில் ஒவ்வொருத்திக்கும் அது ஒரு சரணத்துக்கு எதிரே வரும். ஒரு சரணம், எட்டுத் தட்டு, காற்றில். ஒருத்தி முழுக்க உட்கார்வதற்குப் பதில் எட்டுப் பேர் எட்டுத் தட்டுக்குத் தனியாக ஆடினால் போதும். முடிவில் எல்லோரும் சரியான இடத்தில் இருப்பார்கள். பென்சிலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன், சரியாக வந்தது. ஐந்தாவது சரணத்தில் அது எனக்கு எதிரே வரும். இதை மேடத்திடம் சொல்ல வேண்டும்.

வாக்கியம் தயார். மேடம், யாரும் உட்கார வேண்டாம், காலி இடத்தையும் ஒரு ஆளாக வைத்துக்கொண்டால் பதினைந்து பேரும் ஆடலாம். ஒரே மூச்சில் வருகிறது. வாக்கியத்தில் சிக்கல் இல்லை. எப்போது சொல்வது என்பதுதான். முற்றத்தில் மேடத்தைச் சுற்றி நாலைந்து பேர், ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் தொடங்குகிறார், யாரும் யாரிடமும் இப்போது உன் முறை என்று சொல்வதில்லை, ஆனாலும் இடிக்காமல் பேசிக்கொள்கிறார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் கேட்கும் ஒரு தாளம் அதில் இருக்கிறது. என் மாமா மகள் கல்யாண வரவேற்பில் அப்படித்தான் இருந்தது. மேடைக்குக் கீழே பாட்டுப் போட்டார்கள், பிள்ளைகள், பெரியவர்கள், வயிறு தள்ளிய சித்தப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். இப்போது கையைத் தூக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து அவள் தூக்கியபின் தூக்கினேன், அவள் இறக்கியபின் இறக்கினேன், எப்போதும் ஒரு தட்டுப் பின்னால். அதற்கு முன்னால் கல்லூரி விடுதியில், கடைசி நாள். என்னைச் சுற்றி வட்டமாக நின்று கைதட்டினார்கள், மரகதம் மரகதம் என்று கூவினார்கள், நான் நன்றாக ஆடுகிறேன் என்று நினைத்து இன்னும் ஆடினேன், மூச்சு வாங்க ஆடினேன். இரண்டு வாரம் கழித்து அதை ஒருத்தி கைபேசியில் காட்டினாள். படத்தில் அவர்களுடைய சிரிப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எது கைதட்டல், எது கேலி என்று அந்த நேரத்தில் ஏன் தெரியவில்லை என்றுதான் இன்றும் யோசிக்கிறேன். அவமானம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். பத்து நாற்பத்தாறு. சௌந்தரி மேடம் தனியாக இல்லை.

கோலாட்டம் அப்படியில்லை. அதில் எண்ணிக்கை இருக்கிறது. எட்டு என்றால் எட்டு. ஒரு ஆளை எவ்வளவு நேரம் எதிர்கொள்ள வேண்டும், எப்போது விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரே இடம் அதுதான். கடைவாசலில், பேருந்தில், கல்யாண வீட்டில் எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. முதல் நாள் ஒத்திகையில் என்னமோ கோலாட்டமும் கைவிட்டுப் போய்விடும் போலத்தான் இருந்தது. மேடம் எங்களுக்கு எதிரே நின்றுகொண்டு, "என்னைப் பாத்து அப்படியே செய்ங்க, வலது" என்று சொல்லிக் கையைத் தூக்கினார். அவர் தூக்கியது இடதுகை. அப்படியே செய்யச் சொன்னதால் நான் இடதுகையைத் தூக்கினேன். மற்ற பதினான்கு பேரும் வலதுகையைத் தூக்கினார்கள். கண்ணாடியில் பார்ப்பதைப் போலச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது. வரிசை ஒரு பக்கம் திரும்பியது, நான் மறுபக்கம் திரும்பினேன், என் கோல் ஜெபமணி அக்காவின் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப் போனது. மூன்று வாரம் அந்த நகத்தோடு தட்டச்சு செய்தார். ஒவ்வொரு நாளும் காலையில் நான் போய் நகத்தைப் பார்ப்பேன். "என்ன, அளவு எடுக்கியா?" என்பார். அதற்குப் பிறகு மேடத்தைப் பார்க்காமல், வரிசைக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே தினமும் நாற்பது நிமிடம். அம்மா தொடர் பார்த்துக்கொண்டே, "எதிர்ல ஆளே இல்லாம யாரடி அடிக்கிறே?" என்பாள். எதிர்ல ஆளே இல்லாமல். ஆமாம், மூன்று வாரமாக நான் காலி இடத்தோடுதான் ஆடியிருக்கிறேன். எட்டாவது நாள் மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார், "மரகதம் மெஷின் மாதிரி ஆடறாங்கப்பா." நான் கேட்டேன், "மேடம், அது பாராட்டா, குறையா?" நாகலட்சுமி, "ரெண்டும்தான் போங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அந்தத் தடவை நானும் சிரித்தேன், ஒரு தட்டுப் பின்னால். ஆனால் கோல் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும், சந்தேகமே இல்லாமல் தெரிகிற சில விஷயங்களில் ஒன்று. பத்து ஐம்பது.

எழுந்துவிட்டேன். ஒரு விதி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: பேசுகிறவர் மூச்சு இழுக்கும்போது நாம் தொடங்கலாம். முற்றத்துக்கு இறங்கி மேடத்துக்குப் பக்கவாட்டில் நின்றேன். சுற்றி நின்றவர்கள் கரும்பு கட்டப் போய்விட்டார்கள், மேடம் மட்டும் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார், யாரிடம் என்று நான் பார்க்கவில்லை, அவருடைய மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் ஏறியது. "மேடம், யாரும் உட்கார வேண்டாம், காலி இடத்தையும் ஒரு ஆளா வச்சுக்கிட்டா பதினைஞ்சு பேரும் ஆடலாம்." ஒரு சொல்கூட விடாமல் வந்துவிட்டது. மேடம் எதிரே எங்கோ பார்த்துக்கொண்டு, "சரிம்மா, சரி. அப்படியே பண்ணு. ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார். அவ்வளவுதானா? இவ்வளவு எளிதா? பன்னிரண்டு வருடமாக இந்த அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டதெல்லாம் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடியவையா? உடம்பு இலேசாகிவிட்டது. புகை, நெய், மைக்கின் கீச்சு எல்லாம் ஒரு அடி தள்ளிப் போய் நின்றன. போய் வரிசையில் என் இடத்தில் நின்றுகொண்டேன், ஜெபமணி அக்காவுக்கு எதிரே. அங்கே ஏற்கெனவே நாகலட்சுமி நின்றாள். "நாகு, இது என் இடம். மேடம் சரின்னுட்டாங்க." "அப்படியா?" என்று அவள் நகர்ந்தாள். ஜெபமணி அக்கா என்னைப் பார்த்தார். நான் அவருடைய பொட்டைப் பார்த்தேன். கண்ணைப் பார்ப்பதற்குப் பதில் நான் பொட்டைத்தான் பார்ப்பேன், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மேடம் வந்தார். வரிசையை எண்ணினார். என்னிடம் வந்ததும் விரல் நின்றது. "மரகதம், நீங்க எங்கம்மா வந்து நிக்கிறீங்க? உட்காரச் சொன்னேனே?" நீங்கதானே மேடம் சரி, அப்படியே பண்ணுன்னு சொன்னீங்க, என்றேன். "நானா? எப்ப?" "ரெண்டு நிமிஷம் முன்னாடி. வாழைமரத்துக்கிட்ட." மேடம் காதிலிருந்து ஒரு சின்ன வெள்ளைத் துண்டை எடுத்தார். "அம்மா தாயே, நான் பிரேமலதாகிட்ட போன் பேசிக்கிட்டிருந்தேன். பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவான்னு கேட்டா." எல்லோரும் சிரித்தார்கள். இது எந்தச் சிரிப்பு என்று இப்போது தெரிந்தது. விடுதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த அதே சிரிப்பு, இந்தத் தடவை எனக்கு அது உடனே தெரிந்தது, அதுவே ஒரு முன்னேற்றம்தான் என்று மூளையின் ஒரு மூலை குறித்துக்கொண்டது, இன்னொரு மூலை ஓடு ஓடு என்றது. வராந்தா பதினான்கு அடி. பதிவறையில் ஆள் இருக்காது, விளக்கை அணைத்துவிட்டால் அந்தக் குழல்விளக்கின் ரீங்காரமும் இருக்காது. ஓடியிருக்கலாம். எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன், மாமா மகள் வரவேற்பில் சாப்பிடாமலே ஓடினேன். ஆனால் கோல்கள் கையில் இருந்தன. கைகள் ஏற்கெனவே முதல் தட்டுக்கு உயர்ந்திருந்தன, கைகளுக்குப் போக விருப்பமில்லை. "சரி மேடம்," என்றேன், குரல் பெரிதாக வந்துவிட்டது, எனக்கு அளவு தெரியாது, "அப்ப சொன்னது கணக்குல வேண்டாம். இப்ப சொல்றேன். முதல்ல, குழந்தைக்கு எப்படி இருக்கு?"

மேடம் அந்த வெள்ளைத் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "நூத்தி ரெண்டு. மருந்து குடுத்திருக்கா." "சரி. பாவம். இப்ப இதைப் பாருங்க." புலப்படத்தின் பின்பக்கத்தை நீட்டினேன். ஏழும் ஏழும் வைத்தால் முடிவில் ஒருத்திகூட அவளுடைய இடத்தில் இருக்க மாட்டாள் என்று காட்டினேன். மேடத்தின் விரல் வட்டத்தின் மேல் நகர்ந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. நாகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "அட ஆமா மேடம், நான் ஜெபமணியக்காட்டத் தொடங்கி வேற யார்கிட்டயோ போய் நிப்பேன்." "அதுக்கு? வெறுங்காத்தை அடிக்கச் சொல்றீங்களா? பெரிய அதிகாரி முன்வரிசையில உட்காந்திருக்கார். எதிர்ல ஆள் இல்லாம அடிச்சா என்னன்னு நினைப்பார்?" "பேயோட ஆடற மாதிரி இருக்கும்!" என்றாள் நாகலட்சுமி, மறுபடி சிரிப்பு. தாளைப் பார்த்தேன், தாளில் பேய்க்கு இடம் இல்லை. அப்போது ஜெபமணி அக்கா சொன்னார், "எனக்கு ஒண்ணும் புதுசில்லப்பா. இருபத்திரண்டு வருஷமா வீட்ல எதிர்ல ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான் பேசிக்கிட்டிருக்கேன். எட்டுத் தட்டு என்ன, எண்பது தட்டு தட்டுவேன்." இந்தச் சிரிப்பு வேறு. இது என் மேல் விழவில்லை. மேடமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே தாளை மடித்தார், திருப்பித் தரவில்லை. மைக்கில் அடுத்ததாகக் கோலாட்டம் என்று சொல்லிவிட்டார்கள். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார் மேடம். "கலைஞ்சுபோச்சுன்னா பாத்துக்கறேன்." நான் கேட்டேன், "மேடம், அது சரியா, இல்லையா?" மேடம் என்னைப் பார்த்தார். "சரி," என்றார். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன், சரி. போதுமா?" போதும்.

ஒன்று. பாட்டு தொடங்கிவிட்டது, கோல்கள் பேசத் தொடங்கிவிட்டன, பதினைந்து பேருடைய முப்பது கோல். ஜெபமணி அக்காவின் பொட்டு, மெரூன், சற்று இடப்பக்கம் சாய்ந்தது. எட்டுத் தட்டு. நாகலட்சுமிக்குத்தான் முதலில் காலி இடம். என் கண்ணோரத்தில் அவள் தெரிந்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், கோலைத் தாழ்த்திவிட்டாள், ஆடவே இல்லை. கூட்டத்தில் ஒரு ஆண் குரல், "எம்மா, உன் ஜோடி எங்கம்மா?" சிரிப்பு அலையாக வந்தது. நகர்வு. இரண்டு. அடுத்தவள் எதிரே ஆளில்லாததைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளின் கோலைப் போய்த் தட்டினாள், அவளுக்கு எண்ணிக்கை தவறியது, அவள் எதிரே நின்றவளுக்கும் தவறியது, மூன்று பேர் தடுமாறினார்கள். கலைகிறது. நான் சொன்னதால் கலைகிறது. உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, முடிவில் ஒரு இடம் தவறியிருக்கும், யார் கவனிப்பார்கள், எனக்கு மட்டும் தெரியும், எனக்கு மட்டும் தெரிகிற தவறுகளோடு நான் வாழ்ந்து பழகியவள்தானே. இல்லை. அது வேண்டாம். நாலு, ஐந்து, ஆறு. என் வாய் அசைவது எனக்குத் தெரிந்தது, எண்ணிக்கை உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது, நிறுத்தப் பார்த்தேன், நிறுத்தினால் கை நிற்கும் போலிருந்தது, ஆகவே விட்டுவிட்டேன். ஏழு, எட்டு, நகர்வு. மூன்றாவது சரணம். தடுமாறிய மூன்று பேரும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்கள். மூன்றாமவள் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு அரைகுறையாகத் தட்டினாள். நாலாமவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு எதிரே ஒவ்வொரு பொட்டாக வந்தது, கறுப்பு, சிவப்பு, கல் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் எட்டு, ஒவ்வொன்றும் சொல்லி வைத்தபடி போனது. வியர்வை சரிகை அறுத்த கோட்டில் எரிந்தது. எரியட்டும். ஐந்து.

எதிரே ஆள் இல்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே எனக்குப் பழகிய அதே இடம், இருநூறு பேர் பார்க்க நடு முற்றத்தில். பொட்டு இல்லை, பார்க்க எதுவும் இல்லை, தூரத்தில் பொங்கல் பானையின் மஞ்சள் கொத்து மட்டும். ஒன்று, என் கோலோடு என் கோல். இரண்டு, முன்னால். முன்னால் நீட்டிய கோல் எதிலும் மோதவில்லை, மோதாததால் கை நீண்டுகொண்டே போகப் பார்த்தது, அதை நான் பிரேமலதா நிற்க வேண்டிய தூரத்தில் நிறுத்தினேன். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் கோல் எங்கே வரும் என்று என் மணிக்கட்டுக்குத் தெரியும். அங்கே தட்டினேன். மூன்று, என் கோலோடு என் கோல். நான்கு, அவளுடைய கோல் இருக்க வேண்டிய இடம். சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் அது கூட்டத்தின் பின்வரிசைக்குப் போயிருந்தது, அல்லது நின்றுவிட்டது, எனக்குத் தெரியாது. ஐந்து, ஆறு. பிள்ளைக்கு நூற்றிரண்டு. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருப்பாள், இந்நேரம் கையில் கோல் இருந்திருக்க வேண்டியவள். இதுதான் நான் காலையில் நினைத்திருக்க வேண்டியது, இப்போதுதான் வருகிறது, ஐந்தாவது சரணத்தின் ஆறாவது தட்டில். ஏழு. எட்டு. நகர்வு.

காலி இடம் இப்போது ஆறாவது ஆளிடம் போனது. ஆறாவது ஆள் சௌந்தரி மேடம். நான் என் எதிரே வந்த பொட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன், அது விதிக்கு மாறானது, தெரிந்துதான் பார்த்தேன். மேடம் கையைத் தாழ்த்தவில்லை. முன்னால் நீட்டி, ஒரு ஆள் நிற்கும் தூரத்தில் நிறுத்தித் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே பிடிபட்டுவிட்டது. எட்டும் தட்டினார். அவருக்கு அடுத்தவளும் அப்படியே செய்தாள். கடைசியாக இருந்தவள் சற்று அதிகமாகவே வளைந்து நெளிந்து செய்தாள். பிறகு எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்தோம். கோல்களை உயர்த்தினோம். நாகலட்சுமிக்கு எதிரே மட்டும் ஆள் இல்லை, அவள் இந்தத் தடவை இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். கைதட்டினார்கள். அது எந்தக் கைதட்டல் என்று நான் ஆராயவில்லை. ஜெபமணி அக்காவின் கோல் என் கோல் மேல் இருந்தது, அதன் கனம் தெரிந்தது, அது போதுமாக இருந்தது. வட்டம் கலையும்போது மேடம் என் பக்கத்தில் வந்தார். நெற்றியில் வியர்வை, மூச்சு வாங்கியது. நன்றாக இருந்தது என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன், சரி, எதிர்பார்த்தேன். மேடம் சொன்னார், "அடுத்த தடவை வாய்விட்டு எண்ணாதீங்கம்மா. மைக்ல கேக்குது." சொல்லிவிட்டுப் பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டார். அடுத்த தடவை. அடுத்த தடவை என்றால் அடுத்த தடவையும் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அல்லது அது சும்மா சொல்கிற சொல்லாகவும் இருக்கலாம், வேணா என்பதைப் போல. கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தேன். மேடம் தனியாக இல்லை. யாரோ தட்டில் பொங்கல் வைத்து நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

மரகதவல்லி மேடம் சொன்னது இதோடு முடிகிறது. அடுத்த வருடம் என்ன ஆயிற்று என்று ஜெபமணி அக்காவிடம் கேட்டேன். அந்தப் பொங்கலுக்கு அவர் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் விடுப்பில் இருந்தாராம், சரியாகத் தெரியாது என்றார். ஊழியர் மனமகிழ் மன்றத்தின் கோப்பு பதிவறையில் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு வருடத்துக் கோலாட்டப் பட்டியலும் இருக்கிறது. முதல் நான்கு பட்டியல்களில் இருப்பது பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு, பதினாறு. அவற்றில் இரண்டில் ஒற்றையாக மிஞ்சிய கடைசிப் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. இது நடந்ததற்கு அடுத்த வருடப் பட்டியல் சௌந்தரி மேடத்தின் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றாவது பெயர் கா. மரகதவல்லி, வரைவாளர். எந்தப் பெயரும் அடிக்கப்படவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். பதினேழு பேர்.